கேமராவுக்கு நேர் கீழே ஒரு பாய்

சோறு தின்ற பிறகு சின்னப் பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது தூங்க வேண்டும், மமதா மேடம். இல்லாவிட்டால் சாயங்காலம் நைநை என்று பிடுங்கி எடுத்துவிடும். பிள்ளைகளைத் தூங்கவைப்பதில் எனக்குக் கைராசி என்று லிங்கராஜபுரத்தில் சொல்வார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில்தான் என் நர்சரி. ஹில்டா மிஸ் என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விடுவார்.

வீணா தன் மகன் ஷ்ரேயாஸை அழைத்து வந்தபோது அவனுக்கு நாலு வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பல பள்ளிக்கூடங்கள் ஏறி இறங்கியிருந்தாள். இடமில்லை என்று ஒருவரும் சொல்லவில்லையாம். அவனுக்கு ஏற்ற இடமாகப் பாருங்கள் என்று பக்குவமாகக் கைகழுவியிருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்துதான் வளர வேண்டும் என்று பயிற்சியில் படித்தவள் நான். சேர்த்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

அவன் படுத்தும் பிள்ளை இல்லை. காலையெல்லாம் தண்ணீர்த் தொட்டி அருகே கப்பும் கையுமாகச் சமத்தாக இருப்பான். மதியம்தான் பாடு. விளக்கை அணைத்ததும் கத்துவான், சுவரில் தலையை மோதிக்கொள்வான். அவனோடு சேர்ந்து அத்தனை பிள்ளைகளும் எழுந்து அழும். ஹாலில் கேமரா வைத்திருக்கிறோம். பெற்றோர்கள் ஆபீஸில் இருந்தே போனில் பார்க்கலாம். பாதுகாப்புக்கு என்று வைத்தது. ஆனால் தன் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதைவிட அடுத்த பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். இன்னொரு பிள்ளை டிரேவரின் அப்பா கிளிஃபர்ட் நேரிலேயே வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க மிஸ். அந்தப் பையனப் பாத்தா எனக்கும் பாவமாத்தான் இருக்குது. ஆனா அவன் இருக்கிற வரைக்கும் எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்."

அவர் ஒருவர் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். ஷ்ரேயாஸை நிறுத்தியிருக்கலாம். மதியத்தில் மட்டும் மாடியில் தனியாக வைத்திருக்கலாம். ஆனால் அது ஒதுக்குவது, மேடம். அதை நான் செய்யவில்லை. தும்மலுக்குக் கொடுப்பார்களே, தூக்கம் வரவழைக்கிற சிரப், அதை அவன் தயிர்சாதத்தில் கலந்தேன்.

அன்று அவன் எல்லோரோடும் தூங்கினான். அவன் பாயைக் கேமராவுக்கு நேர் கீழே, நட்டநடுவில் போட்டேன். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். வீணா அந்தக் காட்சியைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். சாயங்காலம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மத்த பிள்ளைங்க நடுவுல எம்பையன் படுத்திருக்கிறத இன்னிக்குத்தான் மிஸ் பாக்குறேன்."

அந்தச் சந்தோஷத்தை எப்படிப் பிடுங்குவது? மறுநாளும் கலந்தேன். பிறகு தினமும். உடம்பு மருந்துக்குப் பழகியதும் கொஞ்சம் கூட்டினேன். உறுத்தாமல் இல்லை. சர்ச்சில் முழங்கால் போடும்போதெல்லாம் அவன் முகம் வந்து நிற்கும். வெளியே வந்து செருப்பை மாட்டியதும் திங்கட்கிழமை வேலைகள் ஞாபகம் வந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை அவனுக்குச் சளி. காலையில் மருந்து கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள் வீணா. வாசலிலேயே என்னிடம் சொன்னாள். சரி என்றேன். மதியம் வழக்கம்போலக் கலந்தேன்.

பால் நேரத்துக்கு மற்ற பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். "ஷ்ரேயாஸ எழுப்பட்டுமா மிஸ்?" என்று ஆயா சந்திரம்மா கேட்டாள். "தூங்கட்டும் விடு" என்றேன். வீட்டுக்கு விடும் நேரத்தில் எழுப்பினோம், எழவில்லை. உதடு நீலமாக இருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். அலறியடித்துக்கொண்டு வந்திருந்த வீணா, காலையில் சளி மருந்து கொடுத்ததைச் சொன்னாள். ஸ்கூலில் என்ன கொடுத்தீர்கள் என்று என் பக்கம் திரும்பினார். தயிர்சாதம் மட்டும்தான் என்றேன். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

"நானே கொன்னுட்டேன் மிஸ்" என்று வீணா என் மடியில் விழுந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. அவளை நீங்கள் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்கு வரச்சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் நானாகவே வந்தேன். அவள் கொடுத்தது டாக்டர் சொன்ன அளவு. மீதியெல்லாம் நான் கொடுத்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்திரம்மா கேட்பதற்கு வெகுநேரம் முன்னாலேயே நான் அவன் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. வாரித் தூக்கியிருந்தால் அத்தனை பேரும் போனில் பார்த்திருப்பார்கள். அதனால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். ஆபீஸில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த வீணா உடனே குரூப்பில் ஒரு சிவப்பு இதயம் போட்டாள். பதிலுக்கு நானும் ஒன்று போட்டேன்.