பல்பு எடுக்கிற நாள்

— இன்னைக்கு பல்பை எடுத்துடலாம்ங்க.

— எதுக்கு? இப்ப என்ன அவசரம்?

— அஞ்சு வாரம் முடிஞ்சிடுச்சு. பெட்டி மேல நீங்களே எழுதி வச்சிருக்கீங்க பாருங்க. "முதல் வாரம் சூடு முப்பத்தஞ்சு டிகிரி. அப்புறம் வாரத்துக்கு மூணு குறை." அடிக்கோடு வேற.

— அது பண்ணைக்காரர் பொதுவாச் சொன்னது. நம்ம கோழிக்குஞ்சுங்க கொஞ்சம் சவலை.

— சவலையா! ஒரு மூட்டை தீனியைக் காலி பண்ணிட்டு நிக்குதுங்க.

— மெதுவாப் பேசு, பயந்துக்கும்.

— அஞ்சு வாரக் குஞ்சுன்னா இறக்கை முளைச்சு பெட்டியைத் தாண்டிக் குதிக்கணும்ங்க. இதுங்க இன்னும் பஞ்சு உருண்டையா...

— சிலது லேட்டா வளரும். எனக்கே மீசை இருபத்திரண்டு வயசுலதான்...

— சிரிப்பு வரல.

— சரி... இன்னும் ஒரு வாரம். ஒரே ஒரு வாரம்.

— நம்ம பேச்சு என்ன? நீங்களே சொல்லுங்க.

— பல்பு இல்லாம இருக்க அதுங்க பழகிட்டா... நீ ஒரேயடியா உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவ.

— ஞாபகம் இருக்குல்ல? அன்னைக்கே கிளம்ப வேண்டியவ நான். பன்னிரண்டு குஞ்சோட வாசல்ல வந்து நின்னீங்க. "எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல, நீ போயிட்டா செத்துடும்"னு...

— நிஜமாவே பயமாத்தான் இருந்துச்சு.

— அதுங்க கத்தின கத்துல எனக்கும் மனசு கேக்கல. சரி, அந்த ஓரத்துல நிக்குதே, அதைத் தூக்குங்க.

— பாவம், தூங்குது.

— நின்னுக்கிட்டு தீனி கொத்துறது எப்படிங்க தூங்கும்? தூக்குங்க. கால் நகத்தைப் பாருங்க.

— ஒண்ணும் இல்லையே.

— ஆமா. ஒண்ணும் இல்ல. மூணாம் நாள் பன்னிரண்டுக்கும் வலது கால்ல நகப்பாலிஷ் தடவினேன். எது தின்னுது, எது பட்டினி கிடக்குதுன்னு தெரியறதுக்கு.

— அது... அழிஞ்சிருக்கும்.

— அழிஞ்சா குஞ்சும் சேர்ந்து சின்னதாயிடுமா? எத்தனைங்க செத்துச்சு?

— விடேன்.

— எத்தனை?

— ஏழு. ஒரே நாள்ல.

— எப்போ?

— ரெண்டாவது வாரம். நீ அக்காவைப் பார்த்துட்டு வரேன்னு போயிருந்தல்ல... காலையில பல்பு ஃபியூஸ் ஆயிடுச்சு. கடைக்கு ஓடினேன். நல்ல பல்பாக் குடுங்கன்னேன், எல்.இ.டி. குடுத்தான்.

— எல்.இ.டி.யா? அதுல சூடு ஏதுங்க!

— எனக்கு எங்க தெரியும்? பழசைவிடப் பளிச்சுனு எரிஞ்சுது. சந்தோஷமா மாட்டிட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா... ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி... அடியில இருந்ததெல்லாம் நசுங்கி...

— போதும்.

— கையில எடுத்தா ஜில்லுனு இருந்துச்சு. அவ்வளவு வெளிச்சத்துல.

— போதும்ங்க... மிச்சம் அஞ்சு?

— ஒண்ணொண்ணா இளைச்சு இளைச்சுப் போச்சு. அந்த ஏழுக்குப் பதிலா வாங்கினதும் அப்படியே. ஒண்ணு போனா ஒண்ணு வாங்கிட்டு வந்துடுவேன். நீ குளிக்கப் போற நேரமாப் பார்த்து மாத்திடுவேன்.

— பண்ணைக்காரர் என்ன நினைச்சிருப்பார்?

— வீட்டுல பூனை வளர்க்கிறீங்களான்னு கேட்டார்.

— ...அப்போ முதல்ல வந்ததுல இப்ப எத்தனை இருக்கு?

— ஒண்ணுகூட இல்ல. இதுங்களுக்கெல்லாம் பொரிச்சு எட்டு நாள்தான் ஆகுது. சிலதுக்கு நாலு.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— ரெண்டாவது வாரமே தெரியும். ஊர்லேர்ந்து வந்ததும் நகத்தைத்தான் பார்த்தேன். தினம் உங்களுக்கு டீ குடுக்கும்போது, இன்னைக்குச் சொல்லிடுவாருன்னு நினைப்பேன். டம்ளரை வாங்கி வச்சுட்டு "குஞ்சுங்க எல்லாம் சூப்பரா இருக்கு"ன்னு சொல்வீங்க. மூணு வாரமா.

— சொன்னா நீ போயிடுவியே.

— சொல்லியிருந்தா இருந்திருப்பேன். எங்க அப்பா போனப்போவும் இதேதான். என் பரீட்சை முடியட்டும்னு ரெண்டு நாள் வாயே திறக்கல. கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்க. "நல்லா எழுதினியா"ன்னு கேட்டீங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவர் முகத்தைக்கூடப் பார்க்கலைங்க நான்.

— நீ தாங்கமாட்டன்னு நினைச்சுத்தான்...

— அதையே சொல்லுங்க. எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தை. எனக்கு வெறுத்துப்போச்சு. இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்தா நானும் உங்களை மாதிரியே ஆயிடுவேன்.

— பையைக் கட்டிட்டியா?

— கதவுக்குப் பின்னாடி இருக்கு. மத்தியான பஸ்.

— இதுங்களை நான் என்ன பண்ண?

— பல்பு எரியட்டும். அதுங்க பல்புக்கடியில கூடி நின்னா குளிருதுன்னு அர்த்தம், ஓரமா ஒதுங்கினா சூடு ஜாஸ்தி. எட்டிப் பார்த்து ஏத்தி இறக்குங்க. அப்புறம் தண்ணித் தட்டுல கூழாங்கல் போட்டிருக்கேன். கழுவுறேன்னு எடுத்துடாதீங்க.

— இதைக் கேக்கணும்னு நினைச்சேன். முதல் நாள் கல்லு இல்லையே. கிண்ணத்துல தானே வச்ச?

— ஆமா.

— எதுக்கு மாத்தின?

— பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.

— என்னை இவ்வளவு கேள்வி கேட்ட இல்ல... சொல்லேன்.

— முதல் நாளே ஒண்ணு கிண்ணத்துல விழுந்து மூழ்கிடுச்சு. ஆழமான கிண்ணம். நான்தான் வச்சேன்.

— இல்லையே. சாயங்காலம் வேலை விட்டு வந்து எண்ணினேனே. பன்னிரண்டும் இருந்துச்சு.

— அதுக்குள்ள பண்ணைக்கு ஓடிப்போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன்.

— நீயா? ...என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்திருந்தீங்க. நீங்க தாங்கமாட்டீங்கன்னு நினைச்சேன்.