படிக்காமல் அமுக்கிய கைகள்

அமைதியால் இந்த அவையை ஆளுகின்ற தலைவர் அம்மா அவர்களே! இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கைக்கடிகாரம் பார்க்கின்ற முன்வரிசைப் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் இனிய நண்பர்களே! நூற்றிருபது கதவுகள் கொண்ட இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் அனைத்து உள்ளங்களுக்கும் என் வணக்கம்.

நான் மேடைக்குப் புதியவன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்ற மூன்று கட்டளைகளை வைத்தே முப்பது ஆண்டுகள் பிழைத்தவன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிறிது நேரத்தில் என்னால் உங்களைச் சிரிக்கவிட முடியாமல் போகும்.

நான் தனியாள். தாய் தந்தை போனபின் என்னைத் தூக்கி வளர்த்தவள் என் அக்கா. அவளும் தனியாள்தான், வேறு ஊரில், மூன்றாவது மாடியில். பகலெல்லாம் பிறர் எலும்பைப் பார்ப்பேன். என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. வீடு திரும்பினால் என்னை வரவேற்பது யார்? குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்! அந்த வெறுமையில்தான் ஒரு செய்தித் தளத்துக்குள் நுழைந்தேன்.

அங்கே யாரும் செய்தி போடலாம். பிடித்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. மேல் அம்புகள் குவிந்தால் முதல் பக்கம். கீழ் அம்புகள் பத்துச் சேர்ந்தாலே புதைகுழி. என் புனைபெயர் 'வெளிச்சம்'. நான் போட்டவை முதல் பக்கம் ஏறின. எப்படி ஏறின? எழுத்தின் வலிமையாலா? இல்லை ஐயா, இல்லை! எனக்கு ஒரு கூட்டணி இருந்தது. என்னைத் தவிரப் பதினான்கு பேர். நேரம் பார்த்து ஆணையிடுவதால் 'மணிக்கூண்டு' என்று நாங்கள் அழைத்தவர் ஒருவர். அவரிடமிருந்து "அமுக்குங்க" என்று ஒரு வரி வரும். முதல் பத்து நிமிடத்துக்குள் அத்தனை பேரும் அமுக்குவோம். எங்களவர் செய்தி ஏறும். எதிரில் வருபவர் செய்தி இறங்கும். தேர்தலில் இதற்குக் கள்ள ஓட்டு என்று பெயர். நாங்கள் வைத்த பெயர், ஒத்துழைப்பு!

ஒருநாள் மதியம் உணவு இடைவேளை. பேருந்தின் கூரைமேல் ஏறி நின்ற ஓர் ஆட்டின் படத்தைப் போட்டிருந்தேன். அதே நேரத்தில் 'பூட்டுக்காரர்' என்ற பெயரில் ஒருவர் எழுதிய கட்டுரை மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. அம்புகள் நாற்பதைத் தாண்டின. யாரும் சொல்லிக்கொடுக்காமல் விழுந்த நாணயமான நாற்பது! மணிக்கூண்டு எழுதினார்: "பூட்டு மேல வருது. இறக்குங்க."

வலக்கையில் சோறு. இடக்கைக் கட்டைவிரலால் கீழ் அம்பை அமுக்கினேன். தலைப்பைக்கூட நான் பார்க்கவில்லை. இருபது நிமிடத்தில் அந்தக் கட்டுரை இருந்த இடம் தெரியவில்லை. என் ஆடு மாலைவரை முதலிடத்தில் நின்றது.

இருபத்திரண்டு நாள் கழிந்தது. ஞாயிறுதோறும் அக்காவிடம் ஃபோனில் பேசுவேன். அந்த ஞாயிறு கூட்டணிக்காரர் ஒருவரின் செய்தியைத் தூக்கி நிறுத்தும் வேலை இருந்தது. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திங்கள் காலை அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டாள், கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்! வாசலில் மூன்று நாள் செய்தித்தாள் கிடப்பதை எதிர்வீட்டு அம்மா புதன்கிழமைதான் கவனித்தார். கதவை உடைத்தார்கள்.

நான் போனபோது மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்திருந்தார். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை உன் ஃபோன் வரும்னு பாத்தேன்டா. வேலை இருந்திருக்கும் உனக்கு" என்றாள். இரண்டு நாள் இருந்தாள். பிறகு இல்லை.

எல்லாம் முடிந்து வந்தபின் அக்காவைப் பற்றி எழுதினேன். ஒளிக்காமல், ஒப்பனையில்லாமல் எழுதினேன். படித்து முடிக்கப் பதினோரு நிமிடமாவது பிடிக்கும். போட்ட ஒரு நிமிடத்துக்குள் பதினான்கு மேல் அம்புகள்! பதினோரு நிமிடக் கட்டுரையை ஒரு நிமிடத்தில் படித்தவர் யார்? மணிக்கூண்டிடம் படித்தீர்களா என்று கேட்டேன். "எதை? லிங்க் வந்துச்சு, அமுக்கிட்டேன். இன்னிக்கு முதலிடம் உங்களுக்குத்தான்" என்று பதில் வந்தது.

அன்பர்களே! முதலிடத்தில் இருந்தேன். என்னைச் சுற்றி மூவாயிரம் அம்புகள் இருந்தன. ஆனால், ஆறுதல் சொல்ல ஒரு மனிதக்குரல் இருந்ததா? என் அக்காவின் சாவு அங்கே இன்னோர் ஆட்டுப் படம். அவ்வளவு தனிமையை என் காலி வீடுகூட எனக்குக் கொடுத்ததில்லை.

மறுநாள் ஒரே ஒரு பதில் வந்திருந்தது. எழுதியவர் பூட்டுக்காரர். "தாழ்ப்பாள் மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சாங்க? மேல இருந்தா விழுந்தவங்க கைக்கு எட்டாது. படிச்சதுலேருந்து மனசு கேக்கல, அதான் கேக்குறேன்."

படித்திருக்கிறார்! ஒருவர் படித்திருக்கிறார்! அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் அன்று நான் அமுக்கிய கீழ் அம்பு நினைவுக்கு வந்தது. புதைந்து கிடந்த அவர் கட்டுரையைத் தோண்டியெடுத்து முதன்முறையாகப் படித்தேன். பூட்டுத் திறப்பதே அவர் தொழில். தனியாக வாழ்ந்து, உள்ளே விழுந்து கிடந்தவர்களின் கதவுகள் பத்தொன்பதைத் திறந்திருக்கிறார். தனியாக இருப்பவர்கள் குளியலறையைத் தாழிடாதீர்கள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். தினமும் காலையில் யாராவது ஒருவர் உங்களை ஃபோனில் கூப்பிடட்டும். இவ்வளவுதான் கட்டுரை. இதைத்தான் என் கட்டைவிரல் புதைத்தது!

கட்டுரையின் அடியில் அவர் எண் இருந்தது. அழைத்தேன். உண்மையைச் சொன்னேன். "நான் எழுதுனதுதான் நல்லா இல்லன்னு நெனச்சேங்க. அதோட எழுதுறதையே விட்டுட்டேன்" என்றார்.

அவர் என்னைக் கடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை, அழுதேன். அவர் காத்திருந்தார். "மன்னிப்பெல்லாம் எனக்கு இப்ப சொல்ல வரல. நாளைக்குக் காலையில ஒரு ஃபோன் போடுங்க. நீங்களும் தனியா இருக்கீங்கல்ல?" என்றார்.

எங்கள் தில்லுமுல்லு முழுவதையும் அந்தத் தளத்திலேயே எழுதி வைத்தேன். எல்லாருடைய கணக்கையும் முடக்கினார்கள், என்னுடையதையும்தான். ஒன்பது ஆண்டு 'வெளிச்சம்' ஒரு மதியத்தில் அணைந்தது. பதினான்கு பேரில் ஒருவரும் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

அன்றுமுதல் காலைதோறும் பூட்டுக்காரரும் நானும் பேசுகிறோம். அரை நிமிடப் பேச்சு. "இருக்கீங்களா?" "இருக்கேன்." தனிமை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. மாலையில் என் வீடு இன்றும் வெறிச்சோடித்தான் கிடக்கிறது. ஆனால் நான் விழுந்தால், மறுநாள் காலைக்குள் ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் குடியிருப்பில் தனியாக வாழ்வோர் முப்பத்தாறு பேர். வாசலருகே ஒரு பதிவேடு இருக்கிறது. பெயரை எழுதுங்கள், எண்ணை எழுதுங்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள்.

அந்தக் கட்டுரை மேலே ஏறியிருந்தால் உங்கள் அக்கா படித்திருப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். படித்திருக்க மாட்டாள். அப்படியொரு தளம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஆனால் நான் படித்திருப்பேன்.

இவ்வளவு நேரம் இருந்து, இடையில் எழாமல், என் சொல்லை முழுதாகக் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. எல்லாரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.