சைக்கிள் கேரியரில் ஒரு பேட்டரி

— இன்னொரு தபா சாவியத் திருப்பு சார்.

— காலையிலேருந்து அதைத்தாம்ப்பா பண்றேன். ‘டிக்’குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பதினோரு மணிக்கு செங்கல்பட்டு சர்ச்சுல என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். ரயிலும் போயிடுச்சு. நல்ல வேளை, நீ இந்தப் பக்கமா வந்தே. பேட்டரி செத்துடுச்சா?

— சாவல சார். டெர்மினல் சுத்தமா கீது. தண்ணியும் கரெக்ட்டு. இந்தக் கண்ணாடிக் குழாய்ல ஆசிட்டை உறிஞ்சிப் பாத்தேன், ஆறு அறையிலயும் மிதவை அடியில குந்திகினு கீது. ஒரு அறை மட்டும் எறங்கிருந்தா பேட்டரி போச்சுன்னு சொல்லலாம். ஆறும் ஒண்ணா எறங்கிருந்தா, யாரோ ராத்திரி பூரா லைட்டை எரியவுட்டு வெடிகாலைல அணைச்சிருக்காங்க.

— லைட்டா? நேத்து நாலு மணிக்கே நல்ல வெளிச்சத்துல கொண்டாந்து நிறுத்திட்டேனே! சரி, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

— நாலு சக்கரமும் மணல்ல பொதைஞ்சு கீது. மூணு பேரால நவுத்த முடியாது.

— அப்பா, வேற வழி இருக்கான்னு அவரையே கேளுங்களேன்.

— நீ உள்ள போ கிருபா. வெயில்ல நிக்காதே.

— வழி கீது பாப்பா. பழைய வண்டிதானே, முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தினா கெளம்பிடும்.

— ஆண்டவரே, அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? சுத்துப்பா!

— நானா? இந்த மணிக்கட்டைப் பாருங்க மொதலாளி. எப்படிக் கோணிகினு கீது!

— மொதலாளியா? நீ... முனீரா?

— தாடில தெரியலையா? பத்து வருசம் ஆச்சு. இதே வண்டி, இதே எடம். புது பேட்டரி வாங்க மனசு வராம தெனம் என்னை ஹேண்டில் போட வெச்சே. அன்னிக்கு இஞ்சின் திருப்பி அடிச்சுது. எலும்பு ரெண்டாப் போச்சு.

— ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேனே.

— அனுப்பிட்டு, குடிச்சிட்டு வந்து கையை ஒடிச்சிக்கினான்னு ஒன் மரக்கடைல எல்லார்கிட்டயும் சொன்னே. பள்ளிவாசல் வரைக்கும் போச்சு அந்தப் பேச்சு. எனக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு அஜீசா வூட்ல நிக்காவை நிறுத்திட்டாங்க. ஒரு சொட்டு தொட்டதில்ல மொதலாளி நானு.

— அதெல்லாம் முடிஞ்ச கதை. இப்ப எதுக்கு?

— சார்ஜ் ஏத்தின பேட்டரி ஒண்ணு வாசல்ல என் சைக்கிள் கேரியர்ல கீது. பத்தே நிமிசத்துல மாட்டிடுவேன். ஒம் பொண்ணு எதிர்ல உண்மையைச் சொல்லு.

— சொல்லுங்கப்பா. நானும் அன்னைக்கு முன் சீட்லதான் உக்காந்திருந்தேன்.

— ...சரி. அவன் குடிக்கலை. கேஸ் போட்டுடுவானோன்னு பயந்து அப்படிச் சொல்லி வெச்சேன். போதுமா?

— அப்ப சுந்தர்சிங்கும் குடிக்கிறவர் இல்லைதானே? என்கூட வேலை பாத்தவரைக் குடிகார வாத்தியார்னு ஸ்கூல் மேனேஜருக்கு எழுதினீங்களே. அவருக்கு வேலை போச்சேப்பா.

— கட்டினா அவனைத்தான் கட்டுவேன்னு நின்னே. நான் வேற என்ன பண்றது? முனீர், போய் பேட்டரியை எடுத்துட்டு வா.

— மாட்டேன்.

— சொன்னா மாட்டுறேன்னியேடா!

— பொய் சொன்னேன். நீ சொன்ன மாரியே. சர்ச்சுல ஜனம் காத்துகினு கெடக்கட்டும். பொண்ணு வூட்டுக்காரங்க ஏன் வரலேன்னு ஊர் பூரா வாய்க்கு வந்ததைப் பேசட்டும். அது எப்படி வலிக்கும்னு நீயும் பாரு.

— இப்ப புரியுதுடா. சுவரேறிக் குதிச்சு லைட்டைப் போட்டவன் நீதான்! போலீஸ்ல சொல்லி உள்ள தள்றேன் பாரு.

— அல்லா மேல ஆணையா பத்து வருசமா இந்த வாசலை நான் மிதிச்சதில்ல. பேட்டரி எறங்கிடுச்சு, காலைல ஒம்பது மணிக்கு வான்னு நேத்து சாயங்காலம் ஊரப்பாக்கத்துல என் ஷெட்டுக்கு சீட்டு வந்துச்சு. அதான் வந்தேன்.

— நேத்து சாயங்காலமா? நேத்து வண்டி நல்லாத்தானே ஓடிச்சு! எவன் எழுதினது?

— நான்தாம்ப்பா. சீட்டை அனுப்பிட்டு, அப்புறம்தான் லைட்டைப் போட்டேன்.