கோயில் வளைவு ஆரன்

— ...அப்ப மணிச் சத்தம் கேட்டதும் நாய்க்கு எச்சி ஊறுச்சு. அம்புட்டுத்தானே? இதுக்கா ஒரு பரீட்சை?

— மதினி, பொஸ்தகத்தப் பாத்துக் கேள்வி கேளுங்கன்னா நீங்களே பதிலயும் சொல்றீக. பாவ்லோவ், ரஷ்யாக்காரரு. நாயோட செரிமானத்தத்தான் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாரு. சோறு போடுற ஆளோட காலடிச் சத்தத்துக்கே எச்சி ஊறுறதப் பாத்தாரு. அங்கனதான் எல்லாம் ஆரம்பம்.

— இதப் பாக்க ரஷ்யாக்காரரு வேணுமாக்கும்? கறிக்கடை ஷட்டரத் தூக்குனாலே நம்ம தெரு நாயி ஓடுது.

— நீங்க பி.எட். சேந்திருந்தா, நான் ஒங்களப் பாத்து எழுதியே பாஸாயிருப்பேன்.

— நான் ஏலக்கா எடுக்கப் போனவ, திரிஷா.

— போனவளா? போறவன்னு சொல்லுங்க. தோட்டத்துக்காரரு தெனமும் மலையாளத்துல "பவுனு எவிடே"ன்னு ஒங்களத்தான் கேக்குறாராம். நாளைக்காச்சும் ஜீப்பு ஏறுறீகளா?

— ...அடுத்தது யாரு? வாட்சனா?

— பேச்ச மாத்தாதீக.

— பரீட்சை ஒனக்கா, எனக்கா? சொல்லு ஆத்தா.

— வாட்சன், அமெரிக்காக்காரரு. ஒரு கைக்குழந்தைய... வேணாம் மதினி. இத நான் அப்பறம் படிச்சுக்கிறேன்.

— சொல்லு. கைக்குழந்தைன்னு சொன்னதுக்கே நான் விழுந்துற மாட்டேன்.

— ...வெள்ளை எலியோட வெளையாடிட்டிருந்த புள்ள. எலியத் தொடுறப்பல்லாம் பின்னாடி நின்னு இரும்புக் கம்பியில சுத்தியலால அடிச்சாக. அப்பறம் எலியப் பாத்தாலே அழுதுச்சு. முயலப் பாத்தும் அழுதுச்சு.

— அடப் பாவிகளா... பெறகு அந்தப் பயத்த யாரு போக்குனாக?

— யாரும் போக்கல. அதுக்குள்ள புள்ளைய ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிட்டுப் போயிட்டாக.

— ம்... அப்படியே விட்டுட்டாக.

— நீங்களும் அப்படித்தான் மதினி. பாப்பாவுக்குக் காச்சல் முத்திருச்சுன்னு தோட்டத்துக்குப் போன் வந்துச்சு. நீங்க கம்பம்மெட்டு மலை எறங்குறதுக்குள்ள பாப்பா போயிருச்சு. அந்த ஜீப்புலதானே அழுதுட்டே வந்தீக? அதான் பயம். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பாலும் வத்திருச்சுன்னு நீங்களே அம்மாகிட்டச் சொல்லிட்டீக. மொதல்ல நிக்கிற ஜீப்புல சும்மா ஏறி ஒக்காந்து பாருங்க...

— எனக்கு ஜீப்புன்னா பயமில்ல.

— பெறகு என்னா?

— அந்த நாய்க்கு மணிய மட்டும் அடிச்சு, சோறே போடாம விட்டா என்னாகும்?

— கொஞ்சங் கொஞ்சமா எச்சி ஊறுறது நின்னுரும்.

— எம்புட்டு நாள்ல?

— அது... நாய்க்கு நாய் மாறும். நின்ன மாதிரி நின்னு, திடீர்னு ஒரு நாள் திரும்பவும் ஊறும்னு போட்டிருக்கு. எதுக்குக் கேக்குறீக?

— பாப்பாவும் அப்படித்தான் இருந்தா. சாயங்காலம் கோயில் வளைவுல ஜீப்பு டிரைவர் சின்னக்கருப்பு ஆரன் அடிச்சதும் ஒங்கம்மா அவளத் தூக்கிட்டு ரோட்டுக்கு வருவாக. ஜீப்பப் பாக்குறதுக்கு முன்னாடியே சப்புக் கொட்டுவாளாம்.

— ...அழாதீக மதினி.

— நான் எங்க அழுதேன்?

— பெறகு இந்த வெக்கையில எதுக்குத் துண்டப் போத்திட்டு இருக்கீக?

— சளி.

— நான் ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. பரீட்சை அடுத்த மாசந்தான். "பவுனு என் பேச்சக் கேக்க மாட்டேங்குறா, நீ போய்ப் பேசு"ன்னு அண்ணன்தான் அனுப்புச்சு. நாளைக்கு நீங்க வர்றீகன்னு டிரைவர்கிட்டயும் சொல்லிருச்சு.

— தெரியும். நீ என்னைக்கு எங்கிட்ட வந்து பாடம் படிச்ச?

— அப்ப போவீகளா?... அந்தா, ஆரன்! ஜீப்பு வந்திருச்சு. வாங்க, ஒங்க கூட்டாளிகளயாச்சும் பாத்துட்டு வருவோம். மதினி... துண்ட ஏன் இப்படி நெஞ்சோட அழுத்திப் பிடிக்கிறீக?

— பால் வத்திருச்சுன்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னது பொய், திரிஷா. அந்த ஆரன் கேட்டா இன்னும் சுரக்குது. ஜீப்புல பொம்பளைக தோளோட தோளு இடிச்சு ஒக்காந்து வருவாக. அவுக நடுவுல இத நான் எங்கன வச்சு மறைப்பேன்?