திருத்தாமல் படுத்திருந்த ஒரு பாடவேளை

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து என்னை அன்போடு அச்சுறுத்திக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! அறிவாலும் அகவையாலும் உயர்ந்த ஆன்றோர்களே! மடியில் பிள்ளையையும் காதில் என் பேச்சையும் ஒருங்கே தாங்கும் தாய்மார்களே! சுண்ணக்கட்டித் தூசியில் அன்றாடம் நீராடும் ஆசிரியத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலம் கற்பவருக்கு வகுப்பறையில் எப்படித் துணை நிற்பது? இது எனக்குத் தந்த தலைப்பு. நானோ துணை நின்ற கதையை அல்ல, துரத்திவிட்ட கதையை முதலில் சொல்லப்போகிறேன்.

மருத்துவமனைப் பணியாளர்களுக்கு மாலை நான்கு மணிக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சலவைப் பிரிவிலிருந்து ஓர் அக்கா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். படுக்கையில் விழுந்த தந்தையை மூன்றாண்டு தனியாளாய்ப் பார்த்துக்கொண்டவர். வார்டு உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். நேர்முகத் தேர்வோ ஆங்கிலத்தில்! இருந்ததோ ஆறே வாரம்!

நோயாளி கீழே விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“பேஷன்ட் ஃபால்...”

“ஃபால்ஸ்!” என்றேன்.

“ஐ ரன்...”

“ஐ வில் ரன்!” என்றேன்.

அக்கா பேனாவை மூடினார். “டீச்சர், நீங்க திருத்தி முடிக்கிறதுக்குள்ள அந்த ஆளு தானா எந்திரிச்சு வீட்டுக்கே போயிருப்பாரு!”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

சலவைக்கூடம் தேடிப் போனேன். இயந்திர இரைச்சலில் ஈர விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்.

“ஏன்க்கா வரல?”

“எனக்கு வேலை தெரியும் டீச்சர். ஆனா உங்க வகுப்புல உக்காந்தா, தெரியுமான்னு எனக்கே சந்தேகம் வந்துருது.”

அவையோரே! அவருக்கு அன்பு தெரியாதா? அக்கறை தெரியாதா? ஆளைத் தூக்கத் தெரியாதா? வினைச்சொல்லின் வாலில் ஒட்டும் ஓரெழுத்து தெரியாது, அவ்வளவே! அந்த ஓரெழுத்துக்காக ஓர் ஆளையே ஓட்டிவிட்டேனே!

“படுக்கையிலேருந்து ஒருத்தர எப்படித் தூக்குவீங்க? தமிழ்லயே சொல்லுங்கக்கா” என்றேன். கொட்டினார்! கால் மணி நேரம் கொட்டினார்! கடைசியில், “வாயால சொன்னா போதாது. நாளைக்கு வர்றேன். நீங்க படுங்க” என்றார்.

படுத்தேன்! இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, விரிப்பின்மேல் நோயாளியாய்ப் படுத்தேன். (சிரியுங்கள் தாய்மார்களே, அன்று யார்தான் சிரிக்கவில்லை!) விரிப்பின் ஒரு பக்கம் அதே வகுப்பில் படிக்கும் லிஃப்ட் மெக்கானிக், மறுபக்கம் அக்கா.

“நீ பெண்ட்!” என்று ஆணையிட்டார்.

“நானா?” என்றார் மெக்கானிக்.

“நீ இல்லப்பா, இங்கிலீஷ் நீ! முட்டி, முட்டி! பேக் நோ பெண்ட்! ஸ்லோ... நௌ!”

எழும்பினேன். ஒரு குலுக்கல் இல்லை. நான்கு கட்டளைகள், இரண்டு பிழைகள். நான் வாயே திறக்கவில்லை. இறங்கிய பிறகு அவர் சொன்னதையே பலகையில் எழுதினேன். அவரே பார்த்தார், எங்கே பிழை என்று அவரே கேட்டார், அப்போதுதான் திருத்தினோம். அன்றுமுதல் என் வகுப்பில் முதலில் பக்கத்திலிருப்பவரிடம் தமிழில் பேசிப் பார்ப்பார்கள், பிறகு ஆங்கிலத்தில் சொல்வார்கள். வாக்கியம் முடியும்வரை ஆசிரியருக்கு வாய்ப்பூட்டு! (என் கணவர் இதை வீட்டுக்கும் கேட்கிறார். அது வேறு வழக்கு.)

தேர்வில் அக்கா இரண்டு இடத்தில் தடுமாறினார். ஆனாலும் முடித்தார். வேலை கிடைத்தது!

போன வாரம் வார்டில் நடந்ததை அவரே சொன்னார். தமிழறியாத மருத்துவர் ஒரு முதியவரின் வலப்பக்க வயிற்றை அழுத்தியபடி ஆங்கிலத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டிருக்கிறார். முதியவர் வார்த்தை தேடித் திணறியிருக்கிறார். மருத்துவர் அடுத்த கேள்விக்குத் தாவும்போது, அக்கா கை உயர்த்தினாராம்.

“வெயிட், டாக்டர். ஹீ இஸ் திங்கிங்.”

மருத்துவர் நின்றார். முதியவர் கூரையைப் பார்த்தார், வார்த்தையைப் பிடித்தார். “லெஃப்ட்... லெஃப்ட் சைடு பெய்ன்.” வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்த மருத்துவரின் கை இடப்பக்கம் மாறியதாம்.

அன்பர்களே! அக்கா சொன்ன அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. இருந்திருந்தாலும் நான் திருத்தியிருக்க மாட்டேன்!

இடைமறிக்காமல் கேட்ட உங்கள் இதயங்களுக்கு என் நன்றி. நாளை உங்கள் வகுப்பில் வாய் திறக்கப்போகும் அந்த ஒருவருக்கு என் வாழ்த்து. வணக்கம்!