புஸ்பம் சாகவில்லை

புஸ்பம்: நான் செத்துட்டனா?

தனுஷா: ஓம் அக்கா. நேத்துப் பின்னேரம் நாலரைக்கு.

புஸ்பம்: அடி ஆத்தே! நாலரைக்கு நான் மாட்டுக்குத் தண்ணி வெச்சிட்டு நிண்டன் புள்ள.

நளீர்: அதையும் எழுதிக்கொள்ளு தனுஷா.

புஸ்பம்: அது சரி, ஆர் நீங்க ரெண்டு பேரும்?

தனுஷா: நான் தனுஷா, மட்டக்களப்பு டவுன். இவர் நளீர், காத்தான்குடி. இன்டர்நெட்டில, போன் மெசேஜில ஊரை மூட்டிவிடுற கதையள் வரும்தானே... அது மெய்யா பொய்யா எண்டு தேடிப் பாத்து எழுதுற ஒரு சின்ன அமைப்பு அக்கா எங்கட.

புஸ்பம்: என்னைப் பற்றி என்னவாம்?

நளீர்: வாசிக்கட்டா? கோவிக்கப்படா. "காத்தான்குடிப் புடவைக் கடையொன்றில் சர்பத்தில் நஞ்சு கலந்து கொடுக்கப்பட்டதால், களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த புஸ்பம் என்ற தமிழ்ப் பெண்..."

புஸ்பம்: நிப்பாட்டுங்க! நஞ்சா? உசனார் காக்கா எனக்கு அண்ணன் மாதிரி, அவர்ர கடையிலயா?

நளீர்: அவர்ர கடைக்கு இப்ப ஒரு சனமும் போறல்ல. நாளைக்குக் காலம வேற ஊர்த் தமிழ்ப் பொடியன்மார் லொறியில வாறாங்களாம், கடைய உடைக்க. எங்கட முஸ்லிம் பொடியன்மாரும் பொல்லுத் தடியோட நிக்கானுகள்.

தனுஷா: யுத்தம் முடிஞ்சு ஆறு மாசம்தான் அக்கா. திரும்பவும் ஒரு...

புஸ்பம்: கடவுளே... நான் உசிரோட இரிக்கன் எண்டு எழுதுங்க!

நளீர்: அது மட்டும் காணாது. கடையில மயங்கி விழுந்தது மெய்தானே?

புஸ்பம்: மெய்தான்.

தனுஷா: சர்பத்துக் குடிச்ச பிறகா?

புஸ்பம்: விழுந்த பிறகுதான் சர்பத்தே தந்தவர். அவர்ர பொஞ்சாதி ஹவ்வா உம்மா மடியில தலைய வெச்சு விசிறினவ. நல்ல சர்பத்து புள்ள. ரெண்டாவது கிளாசும் கேட்டு வாங்கினன்.

நளீர்: இதையே தலைப்பாப் போடலாம்!

தனுஷா: அப்ப என்னத்துக்கு மயங்கினீங்க?

புஸ்பம்: வெயில்...

தனுஷா: அண்டைக்கு அடைமழை அக்கா.

புஸ்பம்: காலமச் சாப்பிடல்ல...

நளீர்: எட்டு இடியப்பம் சாப்பிட்டதாக் கடையில சொன்னீங்களாம்.

புஸ்பம்: பொலிசா தம்பி நீங்க?

தனுஷா: காரணம் ஒண்டு வேணும் அக்கா. இல்லாட்டி சர்பத்திலதான் பழி நிக்கும்.

புஸ்பம்: ...சுனாமியில என்ர மகள் போனவ. நாலு வயசு.

தனுஷா: ஐயோ... தெரியா அக்கா.

புஸ்பம்: அதுக்குப் பிறகு ரெண்டு முறை வயித்தில தங்கல்ல. இப்ப... மூணு மாசம்.

தனுஷா: அக்கா!

நளீர்: மாஷா அல்லாஹ்!

புஸ்பம்: மெல்ல! அவருக்கே சொல்லல்ல. பாசிக்குடாவில மேசன் வேலையில நிக்கார். இதுவும் தங்காமப் போனா மனிசன் உடைஞ்சிடுவார்.

நளீர்: பேனைய மூடு தனுஷா. இத எழுதப்படா. வேற வழி பாப்பம்.

தனுஷா: வேற என்ன வழி நளீர்?

புஸ்பம்: எழுதுங்க. ஹவ்வா உம்மாட வீட்டுக்குக் கல் விழப்படா. போனத் தாங்க, முதல்ல அவர் கேக்கட்டும்... ஹலோ... ஓம், நான்தான். செத்தவள் பேசுவாளா? அழாதீங்க... என்ன, பஸ்ஸில வாறீங்களா? பக்கத்தில ஆக்கள் இரிக்காங்களா? சரி, கேட்டாலும் கேக்கட்டும். மூணு மாசம். ஓம்... மெய்யா! ஐயோ, பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லாதீங்க!

நளீர்: போனில கேக்குது, பஸ்ஸே கைதட்டுது!

தனுஷா: சந்தோசம் அக்கா. இனி ஒண்டுதான் பாக்கி. சர்பத்தில பிழை எண்டு முதல்ல சொன்ன ஆள்.

நளீர்: அந்த ஆள் மட்டும் என்ர கையில கிடைக்கட்டும்!

புஸ்பம்: கையில கிடைச்சிட்டுது தம்பி... அண்டைக்கு நான் ஓங்காளிச்சுச் சத்தி எடுக்கக்குள்ள, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமி "விசேசமா புள்ள?" எண்டு கேட்டவ. "இல்ல மாமி, காத்தான்குடிச் சர்பத்து ஒத்துக்கொள்ளல்ல" எண்டு நான்தான் சொன்னன். அதையும் சேத்து எழுதுங்க.