பாப்பாவின் வலது கை

இசை படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "நேத்துலேர்ந்துதான் சார், லேசா வலிக்குது." மாதக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்திருப்பார்கள். வயலின் என்றால் கழுத்து, புல்லாங்குழல் என்றால் தோள், பியானோ என்றால் மணிக்கட்டு. பல்கலைக்கழக மருத்துவ அறையில் நான் பிசியோதெரபிஸ்ட். நான் சொல்வதும் ஒன்றேதான்: கைக்கு ஓய்வு கொடு. கேட்டவர்கள் தேறினார்கள். அதில் எனக்கு நல்ல பெயர்.

என் மகளும் அங்கேதான் பியானோ படித்தாள். மேற்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருந்த சமயத்தில் அவளுக்கும் வலி வந்தது. அவள் அம்மாவும் வேலைக்கென்றுதான் வெளிநாடு போனாள். முதலில் தினமும் பேசினாள். அப்புறம் எப்போதாவது. அப்புறம் அங்கேயே வேறு குடும்பம். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

"அப்பா, கட்டைவிரலை அசைச்சா சுரீர்னுது. கொஞ்ச நாள் வாசிக்காம இருக்கட்டுமா?"

தொட்டதுமே தெரிந்துவிட்டது. தசைநார் வீங்கியிருந்தது. சில வாரம் சும்மா இருந்தால் போதும்.

"விட்டா இறுகிப் போயிடும் பாப்பா. விடாம வாசி."

"மத்தவங்களுக்கெல்லாம் ஓய்வுன்னுதானே சொல்லுவீங்க?"

"அவங்களும் நீயும் ஒண்ணா?"

சிரித்தாள். வலி தெரியாமலிருக்க மாத்திரை கொடுத்தேன். சாயங்காலமானால் சாப்பாட்டு மேஜையில் அவள் கையை வைத்து, எந்தப் பக்கம் இழுக்கக் கூடாதோ அந்தப் பக்கம் இழுத்துவிடுவேன். அவள் கண் கலங்கும். ஆனால் கையை எடுக்கமாட்டாள். பெற்றவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் நடந்த கடைசிக் கச்சேரியில், பாதி வாசிப்பில் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். விரல் இருக்கிறது, சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "எங்கப்பாதான்," என்று இவள் பெருமையாக, ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். அதனால்தானே நீங்கள் என்னை விசாரணைக்கு வரச் சொன்னீர்கள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள். இப்போது அவளுக்குத் தலை வாரிவிடுவதும், செருப்பு வார் மாட்டிவிடுவதும் நான்தான். சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் அவளுக்கு வலிக்கும்.